பிடிக்கிற கை

மூன்றாவது மருத்துவரும் கையை விரித்தார்.
என் மகளின் இடக்கைதான்
விரியவே இல்லை.
கட்டைவிரலை உள்ளே வைத்துப் பூட்டிய முட்டி.
பிறந்தபோதே மூளையில் எங்கோ
ஒரு கம்பி அறுந்ததுபோல என்றார்கள்.
நான் டிராம் பட்டறைக்காரன்.
கம்பி அறுந்தால் தேடுவேன், ஒட்டுவேன்,
சாயங்காலத்துக்குள் வண்டி ஓடும்.

செவ்வாய்தோறும் வேத்ரனாவின் அறை.
சரயேவோவில் எதற்கும் மேடு ஏற வேண்டும்,
இதற்குத் தொண்ணூற்றாறு படி.
சுமேயாவைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறுவேன்.
கதவில் 'தொழில்வழிச் சிகிச்சை' என்று பலகை.
நாலு வயசுக்காரிக்கு என்ன தொழில் என்று கேட்டேன்.
"விளையாட்டு" என்றாள்,
காய்ந்த மொச்சைத் தொட்டிக்குள்
ஒரு பொத்தானை ஒளித்தபடியே.

முதல் மாதம் முழுக்கக் கோபம்.
கண்ணாடியில் சோப்பு நுரை தேய்க்கிறாள்.
பெரிய பந்தின்மேல் குப்புறக் கிடந்து
கையூன்றி முன்னால் வருகிறாள்.
நல்ல கைக்கு உறை மாட்டி
மற்றதை வேலை வாங்கிய அன்று
அவள் அழுத அழுகைக்கு
நான் வெளியே போய் இரண்டு சிகரெட் பிடித்தேன்.
இதற்கா என் இரவுப்பணிக் காசு?

கீழ்மாடியில் பிசியோதெரபிக்கு டாம்யான்.
மண்ணைத் தொடாத இடது குதிகாலை
மாவு இழுப்பதுபோல் மெல்ல இழுப்பான்.
"திரும்பும்போது தூக்காதீர்கள்" என்றான்.
"தொண்ணூற்றாறுமா?"
"ஆமாம். அவள்தானே வீட்டுக்குப் போகிறாள்."
பனி பெய்தது அன்று.
கீழே வர முக்கால் மணி நேரம்.
நடுவில் ஒரு படியில் உட்கார்ந்துகொண்டு
மில்யாட்ஸ்கா ஆற்றைப் பார்த்தாள்.
நானும் பார்த்தேன், வேறென்ன செய்ய.

ஏப்ரலில் வேத்ரனா கேட்டாள்,
உங்களுக்கு என்ன வேலை என்று.
சொன்னேன்.
"அப்படியானால் நட்டும் போல்ட்டும் கொண்டுவாருங்கள்,
அவள் கைக்குத் தக்க பெரியதாய்."
பிறகு,
"இடக்கையைத் திருகச் சொல்லாதீர்கள்.
பிடிக்கச் சொல்லுங்கள்.
போதும்."

மறுநாள் வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன்.
சாவியைத் திருப்புவது வலக்கை.
இடக்கை?
இருபத்திரண்டு வருடமாக அது
பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.
ஒரு நாளும் நான் திரும்பிப் பார்த்ததில்லை.

வீடெல்லாம் நட்டு.
குளிர்ப்பெட்டிக்கு அடியில், மெத்தையில், என் செருப்பில்.
மனைவி ஜெவாஹிரா இருட்டில் ஒன்றை மிதித்துச்
சொன்ன வார்த்தையைச் சுமேயா அன்றே கற்றுக்கொண்டாள்.
அந்த முட்டி ஒருநாள் திறந்தது என்று
சொல்ல ஆசைதான்.
திறக்கவில்லை.
கொஞ்சம் இளகியது,
துருப்பிடித்த கீல் எண்ணெய் கண்டதுபோல.
போல்ட்டை நுழைத்தால் பிடிக்கும்,
சிரித்தால் விட்டுவிடும்.
நிறைய சிரிக்கிறவள் அவள்.

நேற்று டிராமில் உட்கார இடமில்லை.
அவள் வலக்கையில் சூடான கிஃப்லா.
நிலையத்தை விட்டு வண்டி நகர்ந்ததும்
யாரும் சொல்லாமல்
கம்பத்தைப் பற்றியது இடக்கை.
கட்டைவிரல் வெளியே இருந்தது.
நான் வாய் திறக்கவில்லை.
பாராட்டினால் சிரிப்பாள்,
சிரித்தால் விட்டுவிடுவாள்.
அடுத்து ஒரு வளைவு வரும்,
ஓட்டுநர் அழுத்தி பிரேக் போடும் வளைவு.
இந்த வண்டிக்கு பிரேக் மாட்டியவன் நானேதான்,
இருந்தாலும் என் கால் தரையை அழுத்தியது.

பிடித்தது.
வண்டியும் பிடித்தது, அவளும் பிடித்தாள்.

கிஃப்லாவை முடித்துவிட்டு
எண்ணெய் வழியும் வலக்கையை
என் கோட்டில் துடைத்தாள்.
எதற்கு இப்படி என்று அதட்டினேன்.
என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.
இடக்கைக்கு வேலை இருந்ததே, அப்பா.